காற்றை அளக்கும் குழாயும் ஒரு குளவியும்

விமானத்தில் ஏறும்போது அதன் மூக்குப் பக்கத்தைப் பாருங்கள். விரல் தடிப்பில், முன்னோக்கி நீட்டியபடி சில சிறு குழாய்கள் தெரியும். அவற்றின் பெயர் பிற்றோ குழாய். பாதையில் ஓடும் வாகனத்தின் கதியைச் சில்லு சுழல்வதை வைத்துச் சொல்லிவிடலாம். ஆகாயத்தில் எதிரே வரும் காற்றைத்தான் கேட்க வேண்டும்.

1732 இல் ஹென்றி பிற்றோ என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் பாரிஸின் செய்ன் நதியில் இதைச் செய்து பார்த்தார். கீழ்முனை வளைந்த கண்ணாடிக் குழாயை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்தால், மோதும் நீர் குழாய் வாயில் தேங்கும். அதன் இயக்கசக்தி அமுக்கமாக மாறி, உள்ளே நீர்மட்டம் உயரும். எங்கள் கெசல்கமு ஓயாவில் பிடித்து 5 சென்ரிமீற்றர் உயர்ந்தால், அங்கே நீர் செக்கனுக்கு ஏறக்குறைய 1 மீற்றர் கதியில் ஓடுகிறது.

காற்றுக்கும் இதே கணக்குத்தான். முன்வாயில் மோதித் தேங்கும் காற்றின் அமுக்கத்திலிருந்து, பக்கத் துளையில் கிடைக்கும் சாதாரண வளியமுக்கத்தைக் கழியுங்கள். அந்த வித்தியாசம், காற்றின் அடர்த்தியில் பாதியைக் கதியின் வர்க்கத்தால் பெருக்கி வருவதற்குச் சமம். உயர்தரத்தில் படிக்கும் பேர்னூலியின் சமன்பாடு சொல்வது இதைத்தான்.

இதைச் சோதிக்க எனக்கு ஒரு சேலைன் குழாய் போதுமாயிருந்தது. ‘யு’ வடிவில் வளைத்துச் சாயத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் காற்றுக்கு நேரே பிடித்து, மறுமுனையைக் காற்றுப் படாத பெட்டிக்குள் வைத்தேன். ஜூனில் பொகவந்தலாவையில் காற்றுக்கா பஞ்சம்! நீர்மட்ட வித்தியாசம் 4 மில்லிமீற்றர், அதாவது 39 பஸ்கால். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தியை 1.1 எனக் கொண்டால், மணிக்குச் சுமார் 30 கிலோமீற்றர். காற்றில்லாத ஒரு காலையில் வாப்பா ஓட்டோவை 30 இல் ஓட்ட, குழாயை வெளியே நீட்டிப் பார்த்தேன். தண்ணீர் குலுங்கி 3 க்கும் 5 க்கும் இடையில் ஆடியது. எங்கள் பாதைக்கு அது நல்ல விடைதான்.

விமான விபத்து என்றால் எங்கள் பகுதிப் பெரியவர்கள் சொல்வது 1974 டிசம்பர் 4 ஐ. இந்தோனேசிய ஹஜ் பயணிகளுடன் கொழும்பு நோக்கி வந்த மார்ட்டின்எயார் விமானம் மஸ்கெலியாப் பகுதியின் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் உயிரிழந்தனர். விமானிகள் தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து முன்கூட்டியே இறங்கியதே அதற்குக் காரணம்.

பிற்றோ குழாய் ஏமாற்றிய விபத்து 1996 பெப்ரவரி 6 இல், டொமினிக்கன் குடியரசில் நடந்தது. பேர்கன்எயார் விமானம் சில நாட்கள் குழாய்க்கு உறையின்றி நின்றிருந்தது. மண்கூடு கட்டும் குளவியொன்று குழாயை அடைத்திருக்கலாம் என்பது விசாரணையாளர்களின் கருத்து. கொழுந்து பறிப்போரைக் கூட்டமாகத் துரத்தும் குளவியல்ல இது. சுவர் மூலையில் தனியாக மண் பூசுமே, அந்த இனம்.

குழாய் அடைபட்டால் கதிமானி பூச்சியம் காட்டும் என்றுதான் நினைப்போம். நடப்பது வேறு. அடைபட்ட குழாய்க்குள் பழைய அமுக்கம் அப்படியே நிற்கிறது. விமானம் உயர உயர வெளியே வளியமுக்கம் குறைகிறது. வித்தியாசம் கூடுகிறது, கதி கூடுவதாகக் கருவி காட்டுகிறது. அதை நம்பிய தானியங்கி விமானத்தின் மூக்கை மேலும் உயர்த்த, உண்மைக் கதி குறைந்து விமானம் கடலில் விழுந்தது. 189 பேரில் ஒருவரும் தப்பவில்லை.

நிறுத்தி வைத்த விமானத்தின் பிற்றோ குழாய்களில் சிவப்புப் பட்டி தொங்கும் உறைகளைக் காண்பது இதனால்தான். பறக்குமுன் அவற்றைக் கழற்றியாயிற்றா என்று விமானி சுற்றி நடந்து பார்ப்பார். கழற்றாமல் புறப்பட்டாலும் குழாய் அடைபட்டதுதானே.