இறங்காதே... போய்க்கிட்டே இரு!

கூடலூர்ல இருந்து மைசூர் போற வழியில தெப்பக்காட்டைப் பார்த்திருக்கீங்களா? மாயாற்றங்கரை, யானைகள் முகாம்... 2023-ல் ஆஸ்கர் ஜெயிச்ச ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ படத்துல வர்ற ரகு வளர்ந்த இடம். ஆனா, நான் சொல்ல வந்தது யானையைப் பத்தி இல்லை. அந்த ரோட்டைப் பத்தி!

புலிகள் காப்பகத்துக்கு நடுவுல போற ரோடு அது. வண்டி போகலாம். ஆனா, காட்டுக்குள்ள நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது. தெப்பக்காட்டைத் தாண்டி பந்திப்பூர் பக்கம் போனா, 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பெரும்பாலான வண்டிகளுக்குத் தடை. ரோட்டை மூடலை, ரூல் போட்டிருக்காங்க, அவ்வளவுதான்!

வகுப்பறையில செல்போன், டேப்லெட்டுக்கும் இதே ஃபார்முலாதான் சரி. “பிடுங்கி வெச்சிடுங்க சார்”னு சொல்றது ஈஸி. ஆனா, 2018-ல் வந்த புதிய தமிழகப் பாடநூல்களே க்யூ.ஆர். கோடோடதான் வந்துச்சு. 2020-ல் பள்ளிகளை மூடினப்போ சிக்னல் தேடி மேடு ஏறின பசங்ககிட்ட, ‘போனே வேணாம்’னு சொல்ல முடியுமா?

அதுக்காக அப்படியே விடவும் முடியாது. 2022 பீசா ஆய்வுல, ஓ.இ.சி.டி. நாடுகளின் 15 வயது மாணவர்கள்ல 65 சதவிகிதம் பேர், சில கணக்கு வகுப்புகளிலாவது டிஜிட்டல் கருவியால கவனம் சிதறினதா சொல்லியிருக்காங்க. பக்கத்துல இருக்கிறவங்க நோண்டுறதால சிதறினவங்க 59 சதவிகிதம். அதாவது, நீங்க கேம் ஆடினா அவுட் ஆகறது பக்கத்து பெஞ்சும்தான்! சிதறின கவனம் பாடத்துக்குத் திரும்ப 20 நிமிஷம்கூட ஆகலாம்னு 2023 யுனெஸ்கோ அறிக்கை சொல்லுது. 40 நிமிஷ பீரியட்ல பாதி காலி!

அப்போ நம்ம ரூல்ஸ்?

கிளம்பும் முன் ஊர் தெரியணும்: எதைத் தேடப் போறோம்னு நோட்டுல ஒரு வரி எழுதிட்டு போனைத் திற.

இறங்காதே: வீடியோவை முன்னாடியே டவுன்லோடு பண்ணிட்டு, நெட்டை ஆஃப் பண்ணிப் பாரு.

ஹாரன் கூடாது: நோட்டிஃபிகேஷன் மொத்தமும் ஆஃப்.

கேட் மூடணும்: டீச்சர் பேசும்போது எல்லா ஸ்கிரீனும் கவிழ்ந்து கிடக்கணும்... டீச்சரோட போனும்தான்!

லேப்ல எர்ரருக்கு விடை தேடப் போய், கிரிக்கெட் ஸ்கோர்ல இறங்கிட்டவன் நான். எர்ரர் அப்படியே இருந்தது, பீரியட்தான் முடிஞ்சுபோச்சு.

காடு அழகுதான் மச்சி. ஆனா, ஊர் போய்ச் சேரணுமே!