மூன்றரை மணிக்கே இருட்டு!
பின்லாந்தில் வெளிநாட்டு மாணவரின் கிறிஸ்துமஸ் விடுமுறை

மாலை மூன்றரை மணி. நம் ஊரில் பள்ளிக்கூடம் விடும் மணிகூட அடித்திருக்காது. அங்கேயோ இருட்டிவிட்டது! தெரு விளக்குகள் எரிகின்றன. காற்று முகத்தில் ஊசி குத்துவது போலக் குத்துகிறது.

அது பின்லாந்து நாட்டின் துர்க்கு நகரம். டிசம்பர் மாதக் கடைசி.

மாணவர்கள் தங்கும் விடுதி ஒன்று. போன வாரம்வரை அங்கே ஒரே ஆரவாரம். இன்று மாடிப்படியில் காலடிச் சத்தம் இல்லை. பொதுச் சமையலறையில் ஒரே ஒரு தட்டு இருக்கிறது.

அந்தத் தட்டுக்குச் சொந்தக்காரர் யார்? வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த மாணவர்தான். எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் எங்கே போவார்?

பரிமாற்ற மாணவர்

சொந்த நாட்டுக் கல்லூரியில் சேர்ந்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ வேறு நாட்டில் போய்ப் படித்துவிட்டுத் திரும்புகிறவரைப் 'பரிமாற்ற மாணவர்' என்கிறார்கள். பண்டமாற்று மாதிரிதான்! இங்கிருந்து ஒருவர் அங்கே போவார். அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார்.

ஐரோப்பாவில் இதற்கென்று 'எராஸ்மஸ்' என்ற திட்டம் 1987-ம் ஆண்டு தொடங்கியது. முதல் வருடம் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள். பிறகு அந்தத் தொகை லட்சக்கணக்கில் பெருகியது. 1992-ல் பின்லாந்தும் சேர்ந்துகொண்டது.

துர்க்கு பழமையான ஊர். பின்லாந்தின் முதல் பல்கலைக்கழகம் 1640-ல் இங்கேதான் தோன்றியது. 1827-ல் ஒரு பெரிய தீ விபத்து. ஊரே எரிந்தது. பல்கலைக்கழகம் ஹெல்சிங்கிக்குப் போய்விட்டது. பின்னர் துர்க்கு மக்கள் விடவில்லை. இன்று அங்கே பின்னிஷ் மொழிப் பல்கலைக்கழகம் ஒன்றும், சுவீடிஷ் மொழிப் பல்கலைக்கழகம் ஒன்றும் இருக்கின்றன.

சூரியன் எங்கே?

டிசம்பர் கடைசியில் துர்க்குவில் சூரியன் எழும்புவது காலை ஒன்பதரை மணிக்கு மேல். மறைவது மாலை மூன்றரை மணிக்குள். பகல் பொழுது ஆறு மணி நேரம்கூடக் கிடையாது!

நாட்டின் வடகோடியில் சூரியன் ஏறக்குறைய 50 நாள் தலையே காட்டாது. அந்த இருட்டுக் காலத்துக்குக் 'காமோஸ்' என்று பெயர்.

'பனியாவது அழகாக இருக்குமே!' என்று நினைக்கிறீர்களா? துர்க்கு கடலோர ஊர். சில வருடம் பனி விழும். சில வருடம் வெறும் மழையும் சேறும்தான். அதற்குக் 'கறுப்புக் கிறிஸ்துமஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இருட்டு மனத்தை வாட்டும். அத்துடன் பிரிவும் சேர்ந்தால்? அரை வருடப் படிப்புக்கு வந்தவர்கள் டிசம்பரோடு ஊர் திரும்பிவிடுவார்கள். நான்கு மாதம் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்ட தோழர்கள்! 'போய் வருகிறேன்' என்று சொல்வார்கள். ஆனால் வரமாட்டார்கள். ஒரு வருடப் படிப்புக்கு வந்தவர் மட்டும் மிஞ்சுவார். சொந்த ஊர் போய்வர விமானக் கட்டணம் பெரிய தொகை. ஆகவே தங்கிவிடுகிறார்.

கதவைச் சாத்தும் பண்டிகை

நம் ஊரில் பண்டிகை என்றால் தெருவே கலகலக்கும். பின்லாந்தில் நேர்மாறு! அங்கே கிறிஸ்துமஸ் என்பது வீட்டுக்குள் கொண்டாடும் பண்டிகை. முக்கியமான நாள் 25-ந் தேதி அல்ல, 24-ந் தேதி.

அன்று பல கடைகள் சீக்கிரமே மூடிவிடும். ரயிலும் பஸ்ஸும் மாலையில் குறைந்துவிடும். சில பாதைகளில் அடியோடு நின்றுவிடும். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. முன்கூட்டியே அரிசியும் ரொட்டியும் வாங்கி வைக்காத மாணவர் திண்டாட வேண்டியதுதான்!

ஆனால் அன்று நண்பகலில் மட்டும் துர்க்குவில் பெருங்கூட்டம் கூடும். எதற்கு?

சரியாக 12 மணி. பேராலயத்து மணி ஒலிக்கும். பழைய மாளிகை ஒன்றின் மாடி முகப்பில் ஒருவர் வந்து நிற்பார். கையில் ஒரு சுருள். 'கிறிஸ்துமஸ் சமாதானம் தொடங்கிவிட்டது. எல்லோரும் அமைதியாகவும் பக்தியாகவும் கொண்டாடுங்கள். அமைதியைக் கெடுப்பவருக்குக் கடும் தண்டனை உண்டு' என்ற கருத்தில் பின்னிஷ் மொழியிலும் சுவீடிஷ் மொழியிலும் படிப்பார்.

சுமார் 700 வருடமாக வரும் வழக்கம் இது! 1935 முதல் வானொலியில் நாடு முழுவதும் கேட்கிறது. 1939-ல் சோவியத் யூனியனுடன் போர் நடந்தபோது, குண்டு விழுமோ என்ற பயத்தில் அந்த வருடம் நிறுத்திவிட்டார்கள்.

தனியாக இருக்கும் மாணவர் அவசியம் அங்கே போக வேண்டும். காசு கொடுக்க வேண்டாம். யாரும் அழைக்க வேண்டாம். ஊரோடு ஒருவராக நிற்கலாம்.

கல்லறையில் விளக்கு

பொழுது சாயும் நேரம் மக்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். மறைந்த பெற்றோர், தாத்தா பாட்டி கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இருட்டில் ஆயிரமாயிரம் சுடர்கள்! பார்ப்பவர் கண் கலங்கும்.

அங்கே இன்னொன்றும் உண்டு. பல கல்லறைத் தோட்டங்களில், வேறு ஊர்களில் அடக்கமானவர்களை நினைத்து விளக்கேற்றவென்றே தனி இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கடல் கடந்து வந்த மாணவரும் தம் வீட்டுப் பெரியவரை நினைத்து அங்கே ஒரு சுடர் ஏற்றலாம். 'நீ யார்?' என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

'வேண்டாம்' என்று சொல்லாதீர்கள்!

சில மாணவருக்கு அதிர்ஷ்டம் அடிக்கும். கூடப் படிக்கும் பின்லாந்துத் தோழர், 'எங்கள் வீட்டுக்கு வருகிறாயா?' என்று கேட்பார்.

இங்கேதான் நம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் யாராவது அழைத்தால் முதலில் 'உங்களுக்கு ஏன் சிரமம்? வேண்டாம்' என்போம். அவர்கள் மறுபடியும் வற்புறுத்துவார்கள். பிறகு சம்மதிப்போம். அதுதான் நம் மரியாதை. அங்கே பெரும்பாலும் அப்படி இல்லை. 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான்! 'சரி, அவருக்கு விருப்பமில்லை' என்று நினைத்து விட்டுவிடுவார்கள். மரியாதைக்குச் சொன்ன ஒரு வார்த்தையால் பண்டிகை நாளில் தனிமைதான் மிஞ்சும்.

ஆகவே அழைத்தால் உடனே 'வருகிறேன், நன்றி' என்று சொல்லிவிட வேண்டும். சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும்; இது நமக்குப் புதிதல்ல! மீனும் பன்றி இறைச்சியும் மேஜையில் இருக்கும். சாப்பிடாதவர்கள் முன்னாலேயே சொல்லிவிடலாம். கிழங்கு, காரட் சேர்த்து அடுப்பில் வேகவைத்த பண்டங்களும் உண்டு.

பாலில் அரிசி வேகவைத்த கஞ்சியும் உண்டு. கிட்டத்தட்ட நம் பால் பொங்கல்! அதில் ஒரே ஒரு பாதாம் பருப்பை ஒளித்து வைப்பார்கள். யார் தட்டில் அது வருகிறதோ, அவருக்கு அதிர்ஷ்டம்.

சாப்பாட்டுக்கு முன் 'சவுனா'. அது நீராவிக் குளியல் அறை. சூடு 80 டிகிரி இருக்கும்! சுமார் 56 லட்சம் மக்கள் உள்ள நாட்டில் ஏறக்குறைய 30 லட்சம் சவுனாக்கள் இருப்பதாகக் கணக்கு.

பேச்சு குறைவாகத்தான் இருக்கும். கோபம் என்று எண்ணிவிடக் கூடாது. சும்மா சேர்ந்து உட்கார்ந்திருப்பதும் அவர்களுக்கு அன்புதான்.

அழைப்பு வராவிட்டால்?

மூலையில் முடங்கக் கூடாது. விடுதியில் மிஞ்சியிருக்கும் ஐந்தாறு பேர் கதவை நாமே தட்டலாம். ஆளுக்கொரு பண்டம் சமைக்கலாம். ஒரே மேஜையில் நான்கு நாட்டுச் சமையல்! இருக்கும் கொஞ்சப் பகலில் வெளியே நடந்துவிட்டு வரவேண்டும். அடைந்து கிடந்தால் மனம் இன்னும் சோர்ந்துவிடும்.

வருடப் பிறப்புக்கு முதல் நாள் ஒரு வேடிக்கை உண்டு. சிறு உலோகத் துண்டை உருக்கித் தண்ணீரில் ஊற்றுவார்கள். அது உறையும் உருவத்தைப் பார்த்துப் பலன் சொல்வார்கள். முன்பு அதில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் நஞ்சு என்பதால் 2018-ல் அந்த விற்பனைக்குத் தடை வந்தது. பலர் இப்போது தேன்மெழுகை உருக்குகிறார்கள்.

ஜனவரியில் பகல் மெல்ல மெல்ல நீளும். விடுதிக்குப் புதிய மாணவர்கள் வருவார்கள். கையில் பெட்டி, முகத்தில் திகைப்பு. அவர்களுக்குக் கதவைத் திறந்து, 'வாருங்கள், டீ சாப்பிடலாம்' என்று அழைப்பது யார்?

டிசம்பர் இருட்டில் தனியாக இருந்தாரே, அவர்தான்! தனிமையின் அருமை பெருமை அவருக்குத்தானே தெரியும்!

உங்கள் தெருவிலும் வெளியூரிலிருந்து வந்து படிக்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம். அடுத்த பண்டிகைக்கு ஓர் இலை கூடுதலாகப் போடுங்கள். அந்தப் பிள்ளை 'வேண்டாம்' என்று சொன்னால், இன்னொரு தடவை கூப்பிடுங்கள்!