ஆராய்ச்சி நூல் செய்யும் முறை

நூல் என்னும் பெயர்க்கு நன்னூலாசிரியராகிய பவணந்தி முனிவர் இருவகையாற் காரணங் காட்டினர். பஞ்சினை இழையாக்கும் மகளிரது தொழிலோடு சொல்லினைப் பனுவலாக்கும் புலவனது தொழிலை ஒப்பித்தது ஒன்று. மரத்தின் கோட்டத்தை அறிந்து போக்கத் தச்சர் இடும் நூல்போல மாந்தர் உள்ளத்தின் கோட்டத்தைப் போக்குவது என்றது மற்றொன்று. முன்னையது செய்வோனை நோக்கியது. பின்னையது படிப்போனை நோக்கியது. இக்காலத்துப் பல்கலைக்கழக ஆசிரியராயிருந்து தத்துவ நூல்களை ஆராய்ந்து எழுதுவோர் பலர். அவர் எழுதுவனவற்றுள் இழை நன்கு நூற்கப்பட்டிருந்தும் கோட்டந் தீர்க்கும் பயன் எய்தாதன மிகப் பலவாம். அஃது எற்றாலெனின், பட்டத்தின்பொருட்டு எழுதிய ஆராய்ச்சியுரையும் கற்பார்பொருட்டு எழுதப்படும் நூலும் வேறென்பது உணரப்படாமையா னென்க.

ஆராய்ச்சியுரை, தேர்வாளர் இருவர் மூவரை நோக்கி, 'யான் இவ்வளவு கற்றுளேன்' என்று காட்டுவது. ஆகலின் அதன் முதலியலில் அப்பொருள்பற்றி முன்னையோர் எழுதிய யாவும் தொகுத்துரைக்கப்படுகின்றன. பின்னர் ஆராயும் நெறி கூறப்படுகின்றது. ஒவ்வோரியலின் இறுதியிலும் கூறியது மீண்டும் தொகுத்துக் கூறப்படுகின்றது. தேர்வாளர்க்கு இவையெல்லாம் வேண்டுவனவே. படிப்போனுக்கோ, இவை கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் என்னுங் குற்றங்களாய் முடியும். அவன் ஆசிரியனது கல்வியை அளக்க வந்தவனல்லன். பொருளை அறிய வந்தவன். எனவே ஆராய்ச்சியுரையை நூலாக்குவோன் முதற்கண் செய்யத்தக்கது சேர்த்தலன்று, களைதலேயாம். நூற்றைம்பது பக்கம் களையப்பட்டு நூல் மெலிந்ததென வருந்துவார் உளர். மெலிந்தது அவர்தம் அச்சமே, நூலன்று.

களைந்தபின் எஞ்சியது நூலாமா என்று அறிதற்கு நம் முன்னோர் வகுத்த சிறப்புப்பாயிர விதியே போதிய உரைகல்லாம். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டனோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றுங் கூட்டப் பதினொன்றாம். மேலைநாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் ஒரு நூலை ஏற்குமுன் ஆசிரியனிடம் எழுதிக் கேட்கும் முன்மொழிவினை நோக்குவார்க்கு ஒரு வியப்புத் தோன்றும். நூல் எப்பொருளைப்பற்றியது, எதனின் வழிவந்து எதனின் வேறுபடுகின்றது, எம்மட்டில் நிற்பது, யார் படிப்பர், அவர்க்கு யாது பயன், எத்துணை இயலாக யாக்கப்பட்டது என்பனவே ஆண்டும் வினாவப்படுகின்றன. இவற்றுள் ஏனையவற்றிற்கு எளிதின் விடை எழுதுவோரும் 'கேட்போர்' என்னும் ஒன்றனுக்கு மயங்குவர். 'சமயவுணர்ச்சியுடையார், மாணவர், ஆராய்ச்சியாளர், பொதுமக்கள் யாவர்க்கும்' என்றெழுதுதல் யாவர்க்கும் அன்றென்றலோ டொக்கும். பதி, பசு, பாசம் என்னுஞ் சொற்களை முன்னரே அறிந்தானுக்கு எழுதுகின்றனையா, அறியாதானுக்கு எழுதுகின்றனையா என்பதைத் துணிந்தாலன்றி முதற்பக்கத்தின் முதல் வாக்கியமே எழுத வராது.

பாயிரம் கூறுதற்குரியார் இன்னாரென்பதும் ஈண்டு நினைக்கத்தகும். நூலாசிரியனுடைய ஆசிரியனாதல், உடன் கற்றோனாதல், மாணாக்கனாதல், தகுந்த உரைகாரனாதல் அதனைக் கூறுக என்றது இலக்கணம். தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் பாயிரஞ் செய்தார். அதனை நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்டார். தன்னூலைத் தானே மதித்தல் தகாதென்னும் இவ்வொழுக்கமே, பெயர் மறைத்த அறிஞர் இருவரிடம் கையெழுத்துப்படியை அனுப்பி அவர் கருத்தறிந்து அச்சிடும் இக்கால வழக்கத்திற்கும் வேராம். வேறுபாடு யாதெனின், அதங்கோட்டாசான் முகத்துக்கு நேரே வினாவினார். இக்கால மதிப்பாளர் திரைக்குப்பின் நின்று வினாவுவர். எது நன்றென யாம் துணிந்து கூறோம். திரை அச்சத்தைப் போக்குகின்றது. அதனோடு பொறுப்பையும் சிறிது போக்குகின்றது.

இனி, வழி என்பதை நோக்குவாம். ஆராய்ச்சியெனிற் புதியதொன்று கூறல் வேண்டுமென்பது பல்கலைக்கழகத்தின் விதி. சமயநூல் ஆராய்வார்க்கு இவ்விதி இடர்ப்பாடு தருகின்றது; முன்னோர் கூறியதற்கு மேற் கூறுதல் பிழையென்பார் ஒருசாரார், முன்னோர் கூறியதையே கூறுதல் ஆராய்ச்சியன்றென்பார் மற்றொருசாரார். மெய்கண்ட நூல்களின் அமைப்பே இதற்கு விடையாம். சிவஞானபோதம் முதனூல், சிவஞான சித்தியார் அதன் வழிநூல், சிவப்பிரகாசம் சார்புநூல். உமாபதி சிவாசாரியர் தமக்கு முன்னிருந்த இருநூலையும் தலைமேற்கொண்டே, தாம் கருதியனவற்றையும் சேர்த்துக் கூறுவதாகத் தம் நூலில் வெளிப்பட உரைத்தார். பழமையொன்றே நன்மைக்குச் சான்றாகாது, புதுமையொன்றே தீமைக்குச் சான்றாகாது என்னுங் கருத்தையும் அவையடக்கத்தில் அமைத்தார். எவ்வளவு பெற்றது, எவ்வளவு தன்னது என்று வரையறுத்துக் கூறினமையின் அவர்க்குப் பழிப்பில்லை. அவ்வரையறையையே இன்றைய நூலாசிரியனிடமும் கேட்கின்றோம்.

காலங் குறித்தலும் அவர்பாற் கற்கத்தக்கது. சங்கற்ப நிராகரணத்தின் பாயிரத்திலே சகவாண்டு 1235 என்று அவர் குறித்து வைத்தமையால், அந்நூல் கி.பி. 1313-ஆம் ஆண்டின்பாற் படுமென்று ஐயமின்றி அறிகின்றோம். அவர்தம் காலத்திற்கு வேறு சான்று தேடும் உழைப்பு இதனாற் பெரிதும் குறைந்தது. இந்நாளில் அச்சேறும் நூல்கள் சில எவ்வாண்டில் எழுதப்பட்டன, எப்பதிப்பின் மூலபாடத்தைக் கொண்டன என்றுகூடச் சொல்லாமற் செல்கின்றன.

யாப்பிற்கு வருவாம். சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரத்தது. மும்மூன்று சூத்திரமாகப் பிரமாணவியல், இலக்கணவியல், சாதனவியல், பயனியல் என நான்கு கூறுபடும். ஒவ்வொரு சூத்திரமும் அதிகரணங்களாகப் பகுக்கப்பட்டு, அதிகரணந்தோறும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் மூன்றும் அமைந்தன. முதற் சூத்திரத்தில் உலகம் தோற்றம் நிலை இறுதி என்னும் மூவினைமை உடையது என்பது ஓரதிகரணம்; ஒடுக்கிய முதலிலிருந்தே அது மீளவுந் தோன்றும் என்பது அடுத்தது; அச் சங்கார காரணனே அதற்கு முதல்வன் என்பது மூன்றாவது. ஒன்று நாட்டப்பட்டாலன்றி அடுத்தது எழாது. இக்காலத்து ஆராய்ச்சிநூல்களில் மேற்கோள் உண்டு, எடுத்துக்காட்டோ வேண்டுமளவினும் மிக்குண்டு, ஏதுவே காணப்படுவதில்லை. ஒரு கருத்தைச் சொல்லி, அதன்கீழ் மூன்று பாட்டும் இரண்டு ஆங்கில நூலாசிரியர் கூற்றும் நிறுத்தி, 'இதனால் இது பெறப்படும்' என்று முடித்தல் பெருவழக்காயிற்று. பெரியோர் கூறினர் என்பது ஒரு பொருள் நூலில் உளதென்பதற்குச் சான்றேயன்றி, அப்பொருள் மெய்யென்பதற்கு ஏதுவாகாது. இவ்வேறுபாட்டை மறந்தமையே நம் ஆராய்ச்சிக்குற்றங்களுட் பெரும்பாலனவற்றின் வித்து.

பிறர் மதங் கூறும் பகுதியே ஆசிரியனது நேர்மையை அளக்கும் கோல். அருணந்தி சிவாசாரியர் பரபக்கத்தில் உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் மதங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அம்மதத்தோனே பேசுவதுபோல முன்னர் உரைத்து, அதன்பின்னரே மறுத்தார். மறுப்பதற்கு எளிதாகும்படி பிறன் கொள்கையைத் திரித்துக் கூறின் வெற்றி விரைவிற் கிட்டும். அவ்வெற்றி தான் கட்டிய வைக்கோற்பாவையை வென்றதாகும். பூருவபக்கம் நன்கு கூறியதனால் விளைந்த பயனொன்றை ஈண்டு எடுத்துக்காட்டுவாம். இலண்டனில் ஏ. எல். பாஷம் என்பார் மறைந்துபோன ஆசீவக சமயத்தைப்பற்றிப் பட்டத்திற்காகச் செய்த ஆராய்ச்சி 1951-இல் நூலாக வெளிவந்தது. அச்சமயத்தாருடைய நூலொன்றும் எஞ்சாமையின், மணிமேகலை, நீலகேசி என்னும் இரண்டனோடு சித்தியாரையும் அவர் தமிழ்ச்சான்றாகக் கொள்ள நேர்ந்தது. மறுக்க எழுந்த நூல், மறுக்கப்பட்டார்க்கே சாட்சியாய் நின்ற விந்தை இது.

நம்மவருள் மாயாவாதத்தை மறுத்தெழுதுவோர் பலர் சங்கரர் பாடியத்தைத் திறந்து நோக்காது, நம் நூல்களில் மறுப்பின்பொருட்டு எடுத்தோதப்பட்ட சுருக்கத்தையே அம்மதமாகக் கொண்டு எழுதுகின்றனர். அருணந்தியார் காலத்துக்குப்பின் அம்மதத்தோர் தம் கொள்கையை எத்துணை நுணுக்கி விரித்தனர் என்பதை அறியாது வழங்கும் மறுப்பு, இல்லாதானொருவனோடு இட்ட வழக்காம். சித்தாந்தத்தை மறுப்பாரும் அவ்வாறே செய்கின்றனர் எனின், அது நமக்குப் புறங்காட்டும் விடையன்று.

உள்ளிருந்து எழுதுவோனும் புறமிருந்து எழுதுவோனும் ஒருங்கே எதிர்ப்படும் வினாவொன்றுண்டு. சைவனாயினான் எழுதும் சைவ ஆராய்ச்சியை நடுநிலையன்றென்று பல்கலைக்கழகத்தார் சிலர் ஐயுறுவர். சைவனல்லாதான் எழுதுவதை அநுபவமில்லாத வறும்பேச்சென்று மடங்களைச் சார்ந்தோர் சிலர் இகழ்வர். இருதிறத்தாரும் நூலை விட்டு நூலாசிரியனை ஆராய்கின்றனர். களம் யாதென்று பாயிரத்தில் வெளிப்படக் கூறிவிட்டு, அதன்பின் ஏதுவால் நடப்பானாயின் எவன் எழுதினும் ஏற்கத்தக்கதே. வே. ஆ. தேவசேனாபதி அவர்கள் சித்தியாரையும் அதன் உரையாசிரியர் அறுவரையும் ஒருங்குவைத்து ஆங்கிலத்தில் ஆராய்ந்த நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1960-இல் வெளியிட்டது. அறுவர் உரையும் ஒன்றேபோலும் என்று மேம்போக்காகக் கருதியிருந்தார்க்கு, ஒரே செய்யுளில் சிவாக்கிரயோகியும் ஞானப்பிரகாசரும் சிவஞான முனிவரும் எங்ஙனம் பிரிகின்றனர் என்பதைக் காணுதல் வேண்டப்படுவதாயிற்று. பற்றுடையான் ஒருவனே அத்தகைய பொறுமையைப் பெறுவான் என்று எமக்குத் தோன்றும்.

பிறமொழியில் எழுதுவார்க்குச் சொல்லினால் வரும் இடரும் உண்டு. ஆணவம் என்பதனைச் செருக்கு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் எழுதிவிடின், அநாதியாயுள்ள ஒரு மலம், அறிவை மறைப்பதொரு பொருள், என்னுங் கொள்கை முழுதும் ஒழிந்து, அது மனத்தின் ஒரு குணமாகச் சுருங்கிவிடும். அத்துவிதம் என்னுஞ் சொல்லில் உள்ள எதிர்மறை இன்மையைக் குறியாது, வேறாதல் இல்லாத அன்மையைக் குறிக்கும் என்று நிறுவுதற்கு மெய்கண்டதேவர் இரண்டாஞ் சூத்திரத்தில் தனியே முயன்றார். ஒரு சொல்லின் பொருளுக்காக அவர் நின்ற இடத்தில் நாம் அடிக்குறிப்பும் இன்றிக் கடந்துபோதல் தகுமோ?

இவ்வாறெல்லாம் செய்யக் காலம் வேண்டும். காலமோ இன்று எண்ணால் அளக்கப்படுகின்றது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டில் வகுத்த விதிகளில், மொழி, மானிடவியற் கலைகளைச் சார்ந்த ஆசிரியர் ஒருவர் மதிப்பாளர் பார்வையிட்ட இதழில் வெளியிடும் கட்டுரை ஒன்றற்குப் பத்துப் புள்ளியும், நாட்டுப் பதிப்பகத்தில் வெளியிடும் முழுநூல் ஒன்றற்கும் அதே பத்துப் புள்ளியும், வெளிநாட்டுப் பதிப்பகமாயிற் பன்னிரண்டும் அளிக்கப்பட்டன. பத்தாண்டு உழைத்த நூலும் இருபது பக்கக் கட்டுரையும் ஒருதட்டில் நிறுக்கப்பட்டால், பதவியுயர்வை எதிர்நோக்கும் இளைஞன் யாதைத் தெரிந்துகொள்வான்? அவனைப் பழித்தல் நேர்மையன்று. தராசைப் பழித்தல் வேண்டும். அவ்வாண்டிலேயே பிறர் எழுத்தைக் கவர்தலைத் தடுக்கவும் அக்குழு விதி செய்தது. நூற்றுக்குப் பத்துவரை ஒப்புமை பொறுக்கப்படும். நாற்பது, அறுபது என ஏறுந்தோறும் தண்டம் ஏறி, அறுபதின் மேற்படின் ஆராய்ச்சி மாணவனது பதிவே நீக்கப்படும். இயந்திரம் சொல்லின் ஒப்புமையைக் காண வல்லது. ஆங்கிலத்திலுள்ள ஏதுவைத் தமிழிற் பெயர்த்துத் தனதெனக் கூறுவானைக் காண வல்லதோ? அதனைக் காண அத்துறையில் வல்ல மதிப்பாளன் கண்ணே வேண்டும்.

முதிர்ந்த வயதில் நூல் முடித்தார் ஒருவரை நினைவுகூர்தல் ஈண்டுப் பொருந்தும். ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்த ஜி. யு. போப் திருவாசகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்து 1900-ஆம் ஆண்டில், தம் எண்பதாம் வயதில் வெளியிட்டார். அதன் முன்னுரையில் அவர் கூறும் செய்தியொன்றுண்டு. அக்கல்லூரித் தலைவராயிருந்த ஜோவெட் என்பாருடன் நடந்துகொண்டே இதுபற்றிப் பேசுங்கால், இத்துணை வயதில் இப்பெருவேலையை முடிப்பேனோ என்று போப் ஐயுற்றனராம். பெரியதொரு வேலையைக் கையிற் கொண்டிருத்தலே நீடு வாழும் வழி, முடிக்குமளவும் நீர் இருப்பீர் என்று அவர் மொழிந்தனராம். அங்ஙனம் மொழிந்த ஜோவெட் 1893-இல் மறைந்தார், நூலைக் காணவில்லை.

எல்லார்க்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. ஜெர்மானியராகிய ஷோமெருஸ் 1912-இல் லைப்சிக் நகரில் சைவ சித்தாந்தத்தைப்பற்றித் தம் மொழியிற் பெருநூலொன்று வெளியிட்டவர். பின்னர் ஹாலே பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானவர். சித்தியாரை முழுதும் மொழிபெயர்த்து வைத்து 1945-இல் உலகு நீத்தார். அக் கையெழுத்துப்படி முப்பத்தாறு ஆண்டு கிடந்து, பின்வந்த அறிஞர் மூவரால் ஒழுங்குபடுத்தப்பெற்று, 1981-இல் வீஸ்பாடன் நகரில் அச்சேறியது.