இலத்திரன் விழவில்லை

மாணிக்கக் குழியின் விளிம்பிலிருந்து உருளும் கல் குழியினுள்ளேதான் விழும். இதனை இரத்தினபுரியாருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஐதரசன் அணுவிலே புரோத்தனை நோக்கி நேரே செல்லும் இலத்திரனும், கதிர்வீசிச் சக்தியிழந்து, அதன்மேல் விழுந்தே தீருமென்றுதான் எவரும் எதிர்பார்ப்பர்.

1918இல் பிறந்து, கொழும்பிலே பயின்று, கேம்பிறிட்ஜ் சென்ற ஈழத்தமிழர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர், அங்கே பேரறிஞர் டிராக்கின் மாணாக்கரானார். ஆசான் 1938இல் வகுத்த சமன்பாட்டில், கதிர்வீசும் இலத்திரனைத் திருப்பித் தாக்கும் அதன் தன்விசையும் அடங்கியிருந்தது. அவ்விசை மிகச் சிறிதென்று கொண்டு தோராயமாகக் கணிப்பது எளிய வழி. எலியேசரோ சமன்பாட்டை முழுமையாகவே எடுத்துக்கொண்டு இறுதிவரை சென்றார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943இல் வெளியான அவரது கட்டுரையின் முடிபு விந்தையானது: நேர்கோட்டில் வரும் இலத்திரன் புரோத்தனை ஒருபோதும் எட்டாது; இடைவழியிலே நின்று, திரும்பி, ஒளியின் வேகத்தை அணுகியவாறு அப்பால் ஓடிவிடும்!

ஈர்க்கப்படும் பொருள் விலகி ஓடுவதாவது! கணக்கில் வழுவில்லை, இடர்ப்பாடு சமன்பாட்டிலேயே இருந்தது. ஆசானின் சமன்பாட்டிலுள்ள அவ்விடர்ப்பாட்டை மாணாக்கரே அச்சேற்றினார் என்பதுதான் எமக்கு இனிக்கின்றது.

பிற்காலத்தில் கொழும்பிலும் மலாயாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பேராசிரியராயிருந்த அவர் 2001இல் மறைந்தார். இலத்திரனின் தன்விசையை ஆராய்வோர் ‘எலியேசர் தேற்றம்’ என்று அம்முடிபை இன்றும் குறிப்பிடுகின்றனர்.