இயந்திர அமைப்பின் பரிமாற்றச் சார்பும் இயற்கணிதச் சுருக்கமும்

பரிமாற்றச் சார்பு என்பது, தொடக்க நிலைகள் சுழியாக உள்ள நேரியல் அமைப்பொன்றில், வெளியீட்டின் இலாப்லாசு உருமாற்றத்தை உள்ளீட்டின் இலாப்லாசு உருமாற்றத்தால் வகுக்கக் கிடைக்கும் சார்பு ஆகும். இவ்வுருமாற்றம் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியர் சிமோன் இலாப்லாசின் (1749–1827) பெயரால் வழங்குகிறது. இது வகைக்கெழுச் சமன்பாட்டை இயற்கணிதச் சமன்பாடாக மாற்றுகிறது. அதன்பின் தேவைப்படுவது பள்ளியில் படித்த சுருக்கல் முறைகளே.

எடுத்துக்காட்டு: முட்டை ஏற்றிய லாரி

லாரிகளுக்குக் கூண்டு கட்டும் தொழிலுக்கும் முட்டை உற்பத்திக்கும் பெயர்பெற்ற ஊர் நாமக்கல். முட்டை லாரி மேடுபள்ளத்தில் செல்லும்போது மேல்தளம் எவ்வளவு ஆடும் என்பதைப் பரிமாற்றச் சார்பால் கணிக்கலாம். எளிமைக்காக ஒரு சக்கரத்தின் மேலுள்ள பகுதியை மட்டும் கொள்வோம். சக்கரம் சாலையின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பின்பற்றுவதாகவும் கொள்வோம்.

- நி: சுமையுடன் மேல்தளத்தின் நிறை
- ம: லீஃப் ஸ்பிரிங்கின் வில் மாறிலி
- த: ஷாக் அப்சார்பரின் தணிப்புக் கெழு
- உ: சாலையின் ஏற்ற இறக்கம் (உள்ளீடு)
- வெ: ஓய்வு நிலையிலிருந்து மேல்தளத்தின் இடப்பெயர்ச்சி (வெளியீடு)
- ப: இலாப்லாசு மாறி

சமன்பாட்டைச் சுருக்குதல்

நியூட்டனின் இரண்டாம் விதியை எழுதி உருமாற்றினால்,

நி ப² வெ = ம (உ − வெ) + த ப (உ − வெ)

1. அடைப்புகளை நீக்குக:
நி ப² வெ = ம உ − ம வெ + த ப உ − த ப வெ

2. 'வெ' உள்ள உறுப்புகளை இடப்பக்கம் சேர்க்க:
நி ப² வெ + த ப வெ + ம வெ = த ப உ + ம உ

3. பொதுக் காரணிகளை வெளியே எடுக்க:
(நி ப² + த ப + ம) வெ = (த ப + ம) உ

4. வகுக்க:
வெ ÷ உ = (த ப + ம) ÷ (நி ப² + த ப + ம)

வழக்கமான பிழை

தொகுதியிலும் பகுதியிலும் (த ப + ம) இருப்பதைக் கண்டு மாணவர்கள் பலர் அதை அடித்துவிட்டு, 1 ÷ (நி ப² + 1) என்று எழுதுவர். இது தவறு. பகுதியில் அது காரணி அன்று. கூட்டலின் ஓர் உறுப்பு. 5 ÷ (3 + 5) என்பதில் 5-ஐ அடித்தால் 1/4 வரும்; சரியான விடை 5/8.

விடையை இரு வழிகளில் சோதிக்கலாம். முதலாவது, ப = 0 என இடுவது. மெதுவான ஏற்றத்தில் லாரியும் சாலையுடன் சேர்ந்தே உயரும் என்பதால் விடை 1 ஆக வேண்டும். மேற்கண்ட தவறான கோவையும் இதில் தேறிவிடும். ஆகவே இரண்டாவதாக அலகுகளைப் பார்க்க வேண்டும். நி ப², த ப, ம ஆகிய மூன்றும் நியூட்டன்/மீட்டர் அலகுடையவை. நி ப² உடன் வெறும் 1-ஐக் கூட்ட இயலாது. பிழை இங்கே வெளிப்படுகிறது.

எண்களால் விளக்கம்

நி = 1,000 கிலோகிராம், ம = 1,00,000 நியூட்டன்/மீட்டர், த = 10,000 நியூட்டன் நொடி/மீட்டர் எனக் கொண்டால்,

வெ ÷ உ = (10 ப + 100) ÷ (ப² + 10 ப + 100)

இங்கே 1,000-ஐ அடித்தது சரி; அது எல்லா உறுப்புகளுக்கும் பொதுக் காரணி.

நொடிக்கு ஏறத்தாழ 1.6 முறை வரும் மேடுபள்ளத்திற்கு ப = 10இ ஆகும் (இ² = −1). அப்போது தொகுதி 100 + 100இ, பகுதி 100இ. விகிதத்தின் அளவு √2. அதாவது மேல்தளம் சாலையைப்போல் சுமார் 1.4 மடங்கு ஆடும். ஷாக் அப்சார்பர் செயலிழந்து த = 0 ஆனால், இதே வேகத்தில் பகுதி சுழியாகும்; கோட்பாட்டின்படி ஆட்டம் எல்லையின்றி வளரும். நடைமுறையில் ஸ்பிரிங் தகடுகளின் உராய்வு அதை ஓரளவு தடுக்கும்.

தவறான கோவையோ, மேல்தளம் சாலையின் ஆட்டத்தில் இலட்சத்தில் ஒரு பங்கே ஆடும் என்று காட்டும். அதை நம்பி வடிவமைத்தால், தாளில் முட்டைகள் உடையா, சாலையில் உடையும்.