பெர்த்துக்குப் போகாத முறுக்கு

"ஆஸ்திரேலியாதானே போறே? பெர்த்ல பெரியம்மா பையன் இருக்கான். ஒரு எட்டு போய் இந்த முறுக்கைக் குடுத்துட்டு வந்துடுப்பா!"

அம்மா டின்னை நீட்டியபோது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சிட்னியில் மச்சினன் வீடு. மேப்பில் பார்த்தால் சிட்னிக்கும் பெர்த்துக்கும் நடுவே ஒரு சாண். சனிக்கிழமை காலை ரயிலேறினால் ஞாயிறு ராத்திரி திரும்பிவிட மாட்டோமா?

மச்சினன் என் முகத்தையே அரை நிமிஷம் பார்த்தான். "அத்தான், ரயில்ல 4,352 கிலோமீட்டர். மூணு ராத்திரி. அதுவும் இப்போ டூரிஸ்ட் ரயில். டிக்கெட், ப்ளேனைவிடப் பல மடங்கு. ப்ளேன்லயே அஞ்சு மணி நேரம்!"

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கே நாலு மணி சொச்சம்தான் ஸார்! போதாததற்கு, பெர்த் கடிகாரம் சிட்னிக்கு இரண்டு மணி நேரம் பின்னால். கோடையில் மூன்று.

இந்தியாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பெரிய தேசம். ஜனங்களோ தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. அவர்களிலும் முக்கால்வாசிக்கு மேல் கடலோரத்தில். சிட்னிக்குள் கவலையில்லை, ஒரே கார்டைத் தட்டி ரயில், பஸ், படகு எல்லாம் ஏறலாம். ஊரைத் தாண்டினால்தான் சமாச்சாரமே.

அந்த ரயில் பாதைக்கு ஒரு பழைய கதை உண்டு. ஆஸ்திரேலியா ஒரே நாடாகுமுன் தனித்தனி காலனிகள். நியூ சவுத் வேல்ஸ் 4 அடி 8½ அங்குலத்தில் தண்டவாளம் போட்டது. விக்டோரியா 5 அடி 3 அங்குலம். குயின்ஸ்லாந்து 3 அடி 6. பி.காம். பாஷையில் சொன்னால், மூன்று பார்ட்னர், மூன்று லெட்ஜர். டாலி ஆகவே ஆகாது! சிட்னியிலிருந்து மெல்போர்ன் போகிறவர் எல்லையிலுள்ள ஆல்பரியில் மூட்டை முடிச்சோடு இறங்கி வேறு ரயில் ஏற வேண்டும். 1895-ல் வந்த மார்க் ட்வைனுக்கும் அதே கதிதான். அந்தத் தொல்லை 1962-ல்தான் தீர்ந்தது. சிட்னி-பெர்த் ஒரே ரயிலில் போக 1970 ஆயிற்று. அந்தப் பாதையில் நல்லர்பார் சமவெளியில் 478 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. என்ஜின் டிரைவர் எப்படித்தான் தூங்காமல் இருக்கிறாரோ!

சரி, பெர்த் இல்லையென்றால் போகிறது, காரில் புரோக்கன் ஹில் போகலாம் என்றான் மச்சினன். வெள்ளி, ஈயச் சுரங்க ஊர். 1,100 கிலோமீட்டருக்கு மேல். நம்மூர் மாதிரியே இடது பக்க ஓட்டம் என்பதால், இரண்டாம் நாள் ஸ்டியரிங் என் கைக்கு வந்தது.

கோபார் என்ற ஊரில், "டாங்க்கை ரொப்பிடுங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு மச்சினன் பின் சீட்டில் சாய்ந்தான். முள் பாதிக்குக் கீழே. விலைப் பலகையைப் பார்த்தேன். சிட்னியைவிட லிட்டருக்கு ஜாஸ்தி. காமர்ஸ் மூளை சும்மா இருக்குமா? அடுத்த ஊரில் போட்டுக்கொள்ளலாம் என்று கிளப்பிவிட்டேன்.

அடுத்த ஊர் வில்கேனியா. 260 கிலோமீட்டர்!

செம்மண், புதர், வானம். செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. 50 மீட்டருக்கு மேல் நீளமான ரோடு டிரெயின் லாரி ஒன்று எதிரே போனபோது கார் ஒரு குலுக்கு குலுங்கியது. பொழுது சாய்கிற நேரம் பெட்ரோலுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. அதே நேரம் சாலை நடுவே கங்காரு ஒன்று, ரேஷன் க்யூவில் நிற்பது போல் நிதானமாக நின்றது. பிரேக் அடித்த அடியில் மச்சினன் எழுந்தான். முள்ளைப் பார்த்தான். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மெதுவாப் போங்க. அந்தி நேரத்துலதான் இதுங்க ரோட்டுக்கு வரும். வண்டி நின்னுட்டா யாரும் இறங்கி நடக்கக்கூடாது. தேடி வர்றவங்க கண்ணுக்கு முதல்ல கார்தான் தெரியும். நடந்து போய்ச் செத்தவங்க உண்டு அத்தான். தண்ணி எவ்வளவு இருக்கு?"

இரண்டு பாட்டில் இருந்தது. அப்புறம் அம்மாவின் முறுக்கு டின்.

அறுபதில் உருட்டிக்கொண்டே போனோம். எத்தனை நேரமோ தெரியாது. தூரத்தில் ஒரு விளக்கு. அந்த 260 கிலோமீட்டருக்கு நடுவே இருக்கிற ஒரே ரோட்ஹவுஸ்! பெட்ரோல் கோபாரைவிட இன்னும் விலை. வாயைத் திறக்காமல் கொடுத்தேன்.

வாசல் பெஞ்சில் உட்கார்ந்து டின்னைத் திறந்தோம். பாதி காலியானபோது மச்சினன் கேட்டான்: "பெரியம்மா பையனுக்கு என்ன சொல்வீங்க?"

"தபால்ல வருதுன்னு சொல்லு" என்றேன்.