குழந்தை உடுப்பு விற்குமுன் அறையைப் பற்றி ஒரு கேள்வி

மளிகையோடு ஒரு கண்ணாடி அலமாரியில் குழந்தைப் பொருட்களும் வைத்து விற்கும் உறுப்பினர்கள் நம் சங்கத்தில் பலர். பவுடர், சோப்பு, கிலுகிலுப்பை ஆகியவற்றோடு ஜப்லா, குல்லா, கையுறை, காலுறை அடங்கிய அட்டைப் பெட்டியும் அங்கே இருக்கும். குழந்தை பார்க்கப் போகிறவர் வந்து, "நல்லதா ஒரு செட் கொடுங்க" என்பார். பார்வைக்கு எடுப்பாக இருப்பதும், லாபம் கூடுதலாக நிற்பதும் கம்பளி செட்டில்தான். ஆகவே பெரும்பாலும் அதுவே கைமாறுகிறது. அந்தக் குழந்தை இரவில் எப்படிப்பட்ட அறையில் தூங்குகிறது என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

புழுக்கமாக இருந்தால் நாம் போர்வையை உதைத்துத் தள்ளிவிடுவோம். கைக்குழந்தையால் அது முடியாது. உடுத்தியதை உடுத்தியபடியே கிடக்கும். நல்ல நிலையில் உறங்கப்போன சிசு தூக்கத்திலேயே இறந்துபோகும் துயரத்திற்கு, அளவுக்கு மீறிய சூடும் ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்று என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். பிரிட்டனில் 1991-இல் இதற்கென ஒரு பெரிய பிரசாரம் நடந்தது. குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள், அதிகமாகப் போர்த்தாதீர்கள், அருகில் புகை பிடிக்காதீர்கள் என்று பெற்றோருக்குச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் அத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. மல்லாக்கப் படுக்க வைத்ததே அதில் பெரும் பங்கு என்றாலும், போர்த்துவது பற்றிய எச்சரிக்கையை அவர்கள் இன்றுவரை விடவில்லை.

துணியின் கதகதப்பை அளக்க அந்நாட்டில் 'டாக்' என்றொரு அளவு உண்டு. 1940களில் மான்செஸ்டர் நகரின் ஷெர்லி ஜவுளி ஆய்வு நிலையத்தில் உருவானது அது. எண் கூடினால் துணி சூட்டை அதிகம் பிடித்து வைக்கும் என்று பொருள். குழந்தைகளைப் போட்டுத் தூங்க வைக்கும் பை போன்ற உடுப்புகளில் இதை அச்சிட்டிருப்பார்கள். அறை 24 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால் அரை டாக், 21 முதல் 23 வரை 1 டாக், 20-க்குக் கீழே 2.5 டாக் என்பது சுமாரான கணக்கு. அவர்கள் சொல்லும் சரியான அறை வெப்பம் 16 முதல் 20 டிகிரி வரை.

இந்தக் கணக்கை நம் ஊருக்கு வைத்துப் பாருங்கள். சென்னையில் மே மாத இரவில் வெளிக்காற்றே 28 டிகிரிக்குக் குறையாது. மார்கழியில்கூட 20, 21-ஐ ஒட்டித்தான் நிற்கும். சன்னல் சாத்திய வீட்டுக்குள் அதற்கும் மேல். அப்படியிருக்க, அவர்களுடைய மிக மெல்லிய அரை டாக் உடுப்பே நம் ஊர் மின்விசிறி அறைக்கு அதிகம். அங்கே கையில்லாத பருத்தி ஜப்லாவும் இடைத்துணியும் போதும்.

ஏ.சி. அறை என்றால் கணக்கு வேறு. 2020 முதல் இந்தியாவில் விற்கும் நட்சத்திரக் குறியிட்ட அறை ஏ.சி.கள் தாமாகவே 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்படுகின்றன. அந்த 24-க்கு முழுக்கை வைத்த ஒற்றைப் பருத்தி உடுப்பு சரியாக இருக்கும். 20-க்கு இறக்கி வைக்கும் வீடானால் உள்ளே ஒரு பனியன், மேலே இன்டர்லாக் துணியில் கால் மூடிய உடுப்பு. உதகை, கொடைக்கானல் குளிருக்குத் தடித்த துணி வேண்டியதுதான். அங்கும் ஒரே கம்பளியைவிட அடுக்கடுக்கான பருத்தி நல்லது. வேர்த்தால் ஓர் அடுக்கைக் கழற்றிவிடலாம் அல்லவா?

குல்லா விஷயத்தில்தான் கடையில் வாதம் வரும். பாட்டி குல்லா கேட்பார்; கூட வந்த மருமகள் வேண்டாம் என்பார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. பிறந்த சில நாட்களுக்கும், எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும் தலையை மூடி வைக்கச் சொல்வது மருத்துவ முறையே; அதை டாக்டர் சொல்லும் வரை தொடர வேண்டும். அதன்பிறகு வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா தேவையில்லை, ஏனெனில் கைக்குழந்தையின் உடம்புச் சூடு பெரிதும் தலை வழியே வெளியேறுகிறது. வெளியே பனியில் தூக்கிப் போவதற்கென்று சொல்லி விற்றால் பாட்டிக்கும் மனக்குறை இராது. கழுத்தில் நாடா கட்டும் குல்லாவைத் தூக்கத்தில் போடவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

"கையும் காலும் சில்லென்று இருக்கிறதே" என்று காலுறை கேட்டு வருவார்கள். பச்சைக் குழந்தைக்குக் கை கால் சற்றுக் குளிர்ந்திருப்பது இயல்பு. பிடரியையோ மார்பையோ தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். அங்கே வேர்வை பிசுபிசுத்தால் உடுப்பு அதிகம்.

கொள்முதலுக்கு வருவோம். திருப்பூர்ச் சரக்கில் 'டாக்' எண் அநேகமாக இருக்காது, ஜி.எஸ்.எம். கேட்டு வாங்கலாம். 140 முதல் 160 வரையுள்ள சிங்கிள் ஜெர்சி மின்விசிறி அறைக்கு. 200-ஐ ஒட்டிய இன்டர்லாக் ஏ.சி. அறைக்கு. ஃபிளீஸ், கம்பளி வகைகளைச் சமவெளிக் கடைகளில் ஐப்பசி முதல் தை வரை கையளவு வைத்தால் போதும். மிஞ்சினால் அடுத்த ஆண்டுக்குள் பூச்சி அரித்துவிடும். அரைக்கை, முழுக்கை ஜப்லாக்களை மூன்று அளவுகளில் எப்போதும் இருப்பு வையுங்கள். பரிசுக்குக் கேட்பவரிடம் குழந்தை தூங்குவது விசிறி அறையிலா, ஏ.சி. அறையிலா என்று கேட்டுவிட்டு, பருத்தி உடுப்பு நான்கைப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தால் கம்பளி செட்டின் விலையே வரும்.